நனிசைவத்துக்கு மாறுவோரிடம் பி12 பற்றியும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பாலும் நெய்யும் சேர்க்காத பொங்கல், பாயசம், மோர்க்குழம்பு ஆகியவற்றின் செய்முறைகள் வெளியாகியிருந்தன. மூன்றையும் வீட்டில் செய்து பார்த்தேன், நன்றாகவே வந்தன. ஆனால் அப்பக்கத்தின் கடைசியில், பால் முதலிய விலங்குப் பொருள் எதையும் சேர்க்காத இந்த நனிசைவ (வீகன்) உணவுக்கு முழுமையாக மாறுகிறவர்களுக்கு வேண்டிய எல்லாச் சத்துகளும் தானியங்களிலிருந்தும் காய்கனிகளிலிருந்தும் கிடைத்துவிடும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி பி12 என்ற வைட்டமினை விட்டுவிடுகிறது; அதை முன்னிட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன். அதே வரியை வேறொருவர் வாயிலிருந்து கேட்டு, நம்பி, பதினாறு மாதங்களில் என் பாதங்கள் தரையில் இருக்கின்றனவா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்தவள் நான்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வயது 61. பிறந்ததிலிருந்தே சைவம், முட்டையைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் காப்பியும் தயிரும் இல்லாத நாள் ஒன்று என் வாழ்வில் இருந்ததில்லை. 2022-ஆம் ஆண்டின் இறுதியில், எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் உடல்நலமின்றி இருந்ததால், செம்மண்டலத்தில் உள்ள அவருடைய கொட்டகைக்கு நானே சென்று பால் வாங்கி வர வேண்டியதாயிற்று. பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிட்ட கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, நான்கு குச்சிகளைக் கால்களாகக் கொடுத்து, பசுவின் முகத்தருகே அங்கே நிறுத்தியிருந்தார்கள். பசு அதை நக்கிக்கொண்டிருந்தது. அதன் மடியில் கறவை நடந்துகொண்டிருந்தது. தோல்கன்று என்று கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, அன்றுதான் கண்ணால் கண்டேன். கழுத்தருகே தையல் விட்டு வைக்கோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பசு அந்த இடத்தையே திரும்பத் திரும்ப நக்கியது. நான் வெறும் தூக்குவாளியுடன் வீடு திரும்பினேன். அன்றிலிருந்து இன்றுவரை பாலோ தயிரோ நெய்யோ என் வாயில் படவில்லை, இனியும் படாது. உயிர்களிடத்து இரக்கம் கொண்டு உணவை மாற்றிக்கொள்வது, 1867-இல் வள்ளலார் தருமச்சாலையை நிறுவி ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாதிருக்கும் வடலூரைக் கொண்ட இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. ஆகவே நனிசைவத்தை மேல்நாட்டு மோகம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

2023 சனவரியில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு திருமண மண்டபத்தில் மூன்று நாள் இயற்கை உணவு முகாம் நடந்தது. பண்ருட்டி முந்திரியில் பால் எடுக்கவும், விருத்தாசலத்திலிருந்து வந்த கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, காய்ச்சி, மிளகாய்க் காம்பைப் போட்டுத் தயிராக உறைய வைக்கவும் அங்கேதான் கற்றேன். கற்றுக்கொடுத்தவர்கள் நல்லவர்கள், காசுக்காக நடத்தியவர்கள் அல்லர். ஆனால் அம்மூன்று நாட்களில் எவரும் பி12 என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, "பாலை விட்டால் சத்து குறையாதா?" என்று கேட்டபோது, "மாடு புல்லைத்தானே தின்கிறது, அதற்கு எங்கிருந்து சத்து வந்தது?" என்று பதில் வந்தது; எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

முதல் சில வாரங்களில் வயிறு உப்பிக்கொண்டது. பயறும் கடலையும் திடீரென்று கூடினால் அப்படித்தான் ஆகும், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தபோது குறைந்தது. அடுத்த சில மாதங்கள் உடம்பு இலேசாக இருந்தது. ஐந்து கிலோ எடை குறைந்தது, சர்க்கரையின் அளவும் இறங்கியது. என் முடிவு சரிதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

எட்டாவது மாதத்தில் நாக்கு எரியத் தொடங்கியது. எலுமிச்சை ரசத்தை வாயில் வைக்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் நாக்கு, மேலே உள்ள சொரசொரப்பு மறைந்து, தீட்டிய கல்லைப் போல வழவழவென்று சிவந்திருந்தது. விரல் கணுக்கள் கறுத்தன. பாத்திரம் தேய்க்கும் சோப்பினால் வந்தது என்று எண்ணிச் சோப்பை மாற்றினேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த பெயர் மறந்துபோயிற்று. காரணமில்லாமல் அழுகை வந்தது. மருமகள்தான் முதலில் அதைக் கவனித்து, "அத்தை, நீங்கள் இப்படி இருக்கமாட்டீர்களே" என்றாள்.

அதன்பின் கால். முதலில் பாதங்களில் எறும்பு ஊர்வதைப் போன்ற குறுகுறுப்பு. பின்னர் தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டு நடப்பதைப் போன்ற மதமதப்பு. ஒருநாள் மாலை பேரனுடன் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போனபோது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்தேன், மணல் தெரியவில்லை. அலை வந்து கணுக்கால்வரை நனைத்ததைக் கண் பார்த்தது, பாதம் அறியவில்லை. இன்னொரு நாள் கடைத்தெருவில் பின்னால் வந்த பெண் ஒருவர் கூப்பிட்டு, "அம்மா, உங்கள் செருப்பு அங்கேயே கிடக்கிறது" என்றார். இடது கால் செருப்பு கழன்று பத்தடி தூரம் நான் வெறுங்காலுடன் நடந்திருக்கிறேன். ஆனால் என்னை உண்மையில் அச்சுறுத்தியது காலையில் முகம் கழுவும்போது நேர்ந்ததுதான். சோப்பு நுரைக்காகக் கண்களை மூடிய கணத்தில் உடல் முன்னால் சாய்ந்தது. நெற்றி குழாயில் இடித்தது. கண் திறந்திருக்கும்வரை நிற்க முடிகிறது, மூடினால் விழுகிறேன். இதை யாரிடம் சொன்னாலும் மயக்கம் என்றார்கள். அது மயக்கமன்று.

முகாம் நடத்தியவர்களிடம் கேட்டேன். உடலில் தேங்கிய கழிவுகள் வெளியேறுகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பொறுத்தேன், நான்கு மாதங்கள் பொறுத்தேன். உறவினர்கள், தெய்வத்துக்குப் படைக்கும் பாலை ஒதுக்கினால் இப்படித்தான் என்றார்கள். எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை எழுதித் தரும் மருத்துவர் பாதத்தைத் தொட்டும் பார்க்காமல், இது சர்க்கரையால் வரும் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி இன்னொரு மாத்திரையைக் கூட்டினார். நான் என்ன சாப்பிடுகிறேன் என்பதை அவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

2024 மே மாதத்தில் மகன் என்னைப் புதுச்சேரியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். அந்த அம்மையார், தட்டினால் அதிரும் உலோகக் கருவியான இசைக்கவையைத் தட்டி என் கால் பெருவிரலில் வைத்து, "அதிர்கிறதா?" என்று கேட்டார். எதுவும் தெரியவில்லை. கணுக்காலில் வைத்தார்; தெரியவில்லை. முழங்காலில் வைத்த பிறகுதான் மெல்லிய அதிர்வு தெரிந்தது. பின்பு இரண்டு கேள்விகள் கேட்டார்: "செருப்பு கழன்று விழுவது தெரிகிறதா?", "என்ன சாப்பிடுகிறீர்கள்?" இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்கும் முன்னரே இரத்தப் பரிசோதனைக்கு எழுதத் தொடங்கிவிட்டார். பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 94 பிக்கோகிராம் என்று வந்தது. பொதுவாக 200-க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்பார்கள். இரத்தச் சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் 80 முதல் 100 வரை இருக்க வேண்டியது, எனக்கு 112. ஈமோகுளோபின் மட்டும் 11.4, பெரிய குறை என்று யாரும் சொல்ல முடியாத அளவு. அதனால்தான் அதற்கு முன் இரண்டு முறை இரத்தம் சோதித்தும் எவர் கண்ணிலும் இது படவில்லை. கீரையிலும் பயறுகளிலும் மிகுதியாக உள்ள ஃபோலேட் என்ற சத்து, பி12 குறைவால் வரும் இரத்தச்சோகையை ஓரளவு மறைத்துவிடும். நரம்பு பழுதாவதை மட்டும் அதனால் தடுக்க முடியாது. நாள்தோறும் முருங்கைக்கீரை உண்ட எனக்கு, அந்த நல்ல உணவே நோயை மூடிய திரையாகிவிட்டது.

அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கியதை இங்கே எழுதுவது பலருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். பி12-ஐத் தாவரம் எதுவும் உண்டாக்குவதில்லை, விலங்கும் உண்டாக்குவதில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே உண்டாக்குகின்றன. மாடு புல்லைத்தான் தின்கிறது, உண்மை. ஆனால் அதன் முன்வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லோடு வரும் கோபால்ட்டைக் கொண்டு பி12-ஐச் செய்து கொடுக்கின்றன, கீழே உள்ள குடல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. நம் பெருங்குடலிலும் அத்தகைய நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால் பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அதைத் தாண்டிய இடத்தில் உண்டாவது நமக்குச் சேராமலே வெளியேறிவிடுகிறது. முகாமில் நாங்கள் கைதட்டிய கேள்விக்கு உரிய விடை இதுதான்.

நமக்கு வேண்டிய அளவோ மிகச் சிறியது. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை கூறுகிறது. ஒரு டம்ளர் பசும்பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் இருக்கலாம். சைவ உணவுக்காரர்களான நாம் தலைமுறை தலைமுறையாகக் காப்பியிலும் தயிரிலும் மோரிலும் இந்தத் துளியைப் பெற்று, விளிம்பில் ஒட்டிக்கொண்டே வாழ்ந்திருக்கிறோம். மீனும் முட்டையும் உண்ட ஒருவர் நனிசைவத்துக்கு மாறினால், கல்லீரலில் உள்ள இருப்பு சில ஆண்டுகளுக்குக்கூடத் தாக்குப்பிடிக்கும். அதனால் அவர் இரண்டு ஆண்டு கழித்தும் நலமாக இருப்பதைக் காட்டி, மாத்திரை தேவையில்லை என்று வாதிடுவது தவறான கணக்கு. எனக்கோ இருப்பே குறைவு. போதாக்குறைக்கு, சர்க்கரைக்காக நான் விழுங்கிவந்த மெட்ஃபார்மின் மாத்திரை பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். 2022-இல் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பே, இம்மாத்திரை உண்பவர்களிடம் அறிகுறி தென்பட்டால் பி12 அளவைச் சோதிக்குமாறு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. நெஞ்செரிச்சலுக்கென்று ஆண்டுக்கணக்கில் உண்ணும் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யக்கூடும். நம் ஊரில் இந்த இரண்டு மாத்திரைகளும் இல்லாத வீடு எத்தனை இருக்கும்?

இனி, நான் நோயுற்ற செய்தி கேட்டுப் பலர் சொன்ன மாற்று வழிகளைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பழைய சோற்றில் பி12 கொட்டிக்கிடக்கிறது என்று கைப்பேசியில் நாள்தோறும் செய்தி வருகிறது. பழைய சோறு நல்ல உணவு. நான் இன்றும் வாரத்தில் நான்கு நாள் உண்கிறேன். ஆனால் அதைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களிடமிருந்து நம்பத்தக்க அளவில் பி12 கிடைக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. பதினாறு மாதமும் நான் அதை உண்டவள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இட்லி மாவுக்கும் இதுவே பொருந்தும். அடுத்தது சுருள்பாசி (ஸ்பைருலினா). ஆரோவில் பக்கம் வளர்க்கப்படுவதால் நம் பகுதியில் எளிதாகக் கிடைக்கிறது, புரதத்துக்கு நல்லது. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பி12-ஐப் போன்ற அமைப்புடைய, மனித உடலுக்குப் பயன்படாத போலிப் பொருள். அதை நம்பி மாத்திரையை ஒதுக்குவது ஆபத்து. வீட்டில் எடுக்கும் தேங்காய்ப்பாலிலும் கடலைத்தயிரிலும் இச்சத்து அறவே இல்லை. கடைகளில் விற்கும் சோயாப் பால் வகைகளில் சிலவற்றில் சேர்க்கிறார்கள், சிலவற்றில் சேர்ப்பதில்லை. 2022 முதல் நனிசைவப் பொருள்களுக்கு நம் நாட்டில் தனி முத்திரை வந்திருக்கிறது என்றாலும், அந்த முத்திரை விலங்குப் பொருள் கலக்கவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. பி12 உண்டா என்பதை உறையின் பின்புறம் உள்ள பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு 1000 மைக்ரோகிராம் ஊசி முதல் வாரம் நாள்தோறும், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை போடப்பட்டது. பத்தே நாளில் நாக்கு ஆறியது. மூச்சிரைப்பு ஒரு மாதத்தில் நின்றது. மறதியும் அழுகையும் எப்போது போயின என்று தெரியாமலே போயின. கால் மட்டும் அப்படியில்லை. முதல் சில வாரங்களில் குறுகுறுப்பு முன்னிலும் அதிகமாயிற்று. உறங்கிய நரம்பு விழிக்கிறது, அஞ்ச வேண்டாம் என்றார் மருத்துவர். கணுக்கால்வரை உணர்வு திரும்ப ஏழு மாதமாயிற்று. இரண்டு பெருவிரல்களிலும் இன்னும் திரும்பவில்லை. இத்தனை காலம் கடந்துவிட்டதால் திரும்பாமலே போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். முகம் கழுவும்போது இப்போதும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் அறிந்த பிறகு உறவினர்கள், பாலைத் திரும்பக் குடித்தால் தீர்ந்தது என்கிறார்கள். அது தேவையில்லை. வீகன் என்ற சொல்லை 1944-இல் உருவாக்கியவர்கள் இங்கிலாந்தில் நிறுவிய சங்கம் இன்றும் இயங்குகிறது. அவர்கள் அச்சொல்லை உருவாக்கியபோது பி12 எதுவென்று உலகுக்கே தெரியாது. 1948-இல்தான் அது தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அந்தச் சங்கமே இன்று தன் உறுப்பினர்களிடம், நாள்தோறும் குறைந்தது 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம் மாத்திரை உட்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கொள்கையில் அவர்களைவிட உறுதியானவர்கள் யார்? மாத்திரையில் உள்ள பி12 தொட்டியில் நுண்ணுயிர்களை வளர்த்து எடுப்பது; அதற்காக எந்தக் கன்றும் தாயைப் பிரிவதில்லை. மென்குப்பிகளாக வரும் சிலவற்றின் உறை மட்டும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. மருந்துக்கடையில் வில்லையாகக் கேட்டு வாங்கினால் அந்த உறுத்தலும் இல்லை. எனக்கு மாதம் நூறு ரூபாய்கூட ஆவதில்லை. நரம்பு கெட்ட பிறகு ஊசிக்கும் பரிசோதனைக்கும் புதுச்சேரிப் பயணத்துக்கும் நான் செலவிட்டதை இங்கே எழுத விரும்பவில்லை.

இதே முகாம்களில் கடல் உப்பைத் தவிர்த்து இந்துப்புக்கு மாறச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. பாலும் மீனும் இல்லாத உணவில் அயோடின் வரும் முக்கிய வழி அயோடின் சேர்த்த உப்புதான் என்பதால், அதையும் விட்டுவிட வேண்டாம் என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். நனிசைவச் சமையல் குறிப்புகளைத் தொடர்ந்து வெளியிடுங்கள். ஒவ்வொரு முறையும் அப்பக்கத்திலேயே ஒரு கட்டத்துக்குள், பி12 தாவர உணவில் இல்லை, மாத்திரை தேவை என்று இரண்டு வரி அச்சிடுங்கள். முகாம் நடத்துகிறவர்கள் முதல் நாள் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்ல வேண்டும்; சொன்னால் கொள்கை தோற்றுவிடும் என்று அஞ்சத் தேவையில்லை, சொல்லாததால்தான் என்னைப் போன்றவர்களைப் பார்த்துப் பத்துப் பேர் பின்வாங்குகிறார்கள். அரசிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து சர்க்கரை மாத்திரை தருகிறார்கள். எங்கள் தெருவிலும் வருகிறார்கள். மாத்திரை அட்டையைக் கொடுக்கும்போதே, "பால், முட்டை, மீன் இவற்றில் எதையாவது சாப்பிடுகிறீர்களா? பாதம் மரத்துப்போகிறதா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லித்தந்தால், இசைக்கவை வந்து சொல்லும்வரை எவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

இக்கடிதத்தை நான் இத்தனை அவசரமாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்ற மாதம் அதே முகாம் மீண்டும் நடந்தது. இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டுப் போயிருந்தேன், நேரமில்லை என்றார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் பண்ருட்டியிலிருந்து வந்த இளம்பெண் ஒருவர், பால்குடிக்கும் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து சைவம் என்றும், இன்றே பாலையும் விட்டுவிடப்போவதாகவும் மகிழ்ச்சியோடு சொன்னார். தாயிடம் பி12 இல்லையென்றால் தாய்ப்பாலிலும் இருக்காது. அத்தகைய குழந்தைகள் சில மாதங்களில் முகம் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிடும், நின்ற தலை மறுபடி துவளும், கைகால் நடுங்கும் என்பதை என் மருத்துவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உரிய காலத்தில் கவனிக்காவிட்டால் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம். நான் மேடைக்குச் சென்று அனுமதி கேட்டுத் திரும்புவதற்குள் அந்தப் பெண் பேருந்தைப் பிடிக்கப் புறப்பட்டுப் போய்விட்டார். பெயரும் தெரியாது, எண்ணும் வாங்கவில்லை. பச்சை நிறச் சுடிதார் அணிந்திருந்தார். குழந்தையின் காலில் வெள்ளிக் கொலுசு இருந்தது.

மகளே, இதை நீ படித்தால், உன் முடிவை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. உனக்கு வேண்டிய பி12 மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேட்டு இன்றே தொடங்கு. குழந்தையையும் ஒருமுறை குழந்தைநல மருத்துவரிடம் காட்டி, நீ என்ன சாப்பிடுகிறாய் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீயே சொல்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.